ஒரே வாணலியில் சீஸ் பீஃப் பாஸ்தா: தண்ணீர் அளவு, கறி வதக்கல், சீஸ் திரிவது

மாலைச்சமையல் கேட்டது:

கொத்துக்கறி, பாஸ்தா, தக்காளி, சீஸ் எல்லாம் ஒரே வாணலியில் போட்டு அரை மணி நேரத்தில் இறக்குற சாப்பாடு பற்றித்தான் கேள்வி. பாஸ்தாவைத் தனியா வேகவைச்சு வடிச்சுச் சேர்க்கிற முறை வேண்டாம். கறி வதங்கின அதே வாணலியில், அதே சாற்றில் வெந்தாத்தான் அந்தச் சுவை வருது.

இப்போதைய அளவு இது: 20 சதவீதம் கொழுப்புள்ள பீஃப் கொத்துக்கறி 500 கிராம், மக்ரோனி 250 கிராம், நசுக்கின தக்காளி டின் ஒன்று (400 கிராம்), தண்ணீர் 750 மி.லி., துருவியே பாக்கெட்டில் வர்ற செடார் 170 கிராம். பாத்திரம் 28 செ.மீ. நான்-ஸ்டிக், மூடி உண்டு.

சிக்கல் மூணு இடத்தில் வருது. கறி சிவக்காம சாம்பல் நிறமா வெந்து உருண்டை உருண்டையா நிக்குது. பாஸ்தா வெந்து முடியும்போது ஒண்ணு சூப் மாதிரி தண்ணியா இருக்கு, இல்லேன்னா இன்னும் கொஞ்சம் வேகட்டும்னு விட்டா குழைஞ்சு போகுது. கடைசியில் சீஸ் போட்டதும் வாயில் நெறநெறன்னு மணல் தட்டுது, மேலே எண்ணெய் மிதக்குது.

எந்த இடத்தில் எதை மாத்தணும்னு காரணத்தோட சொன்னா உதவியா இருக்கும்.

---

அகல்வாணலி பதில்:

கொத்துக்கறியிலிருந்தே தொடங்குவோம். அங்கே விட்டதைப் பிறகு எந்த மசாலாவும் சரிக்கட்டாது.

கறி சிவக்கணும்னா அது தொடுற உலோகப் பரப்பு காய்ஞ்சு இருக்கணும். ஈரம் இருக்கிறவரை வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. சிவப்பும் வாசனையும் 140 டிகிரிக்கு மேலதான் வேகமா உருவாகும். குளிர்ந்த கறி அரைக் கிலோவை ஒரே தடவையில் கொட்டி உடனே கிளற ஆரம்பிச்சா, வாணலிச் சூடு இறங்கிடும், கறி தண்ணி விடும், அந்தத் தண்ணியிலேயே கறி அவிஞ்சிடும். நீங்க சொல்ற சாம்பல் நிறம் அப்படி வர்றதுதான்.

வெறும் வாணலியை நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீயில் 2 நிமிடம் காயவிடுங்க. நான்-ஸ்டிக்கா இருந்தா ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஊத்தித்தான் காயவைக்கணும், வெறுமையா அதிகம் சுடக்கூடாது. ஈரத்தைக் காகிதத் துண்டில் ஒத்தி எடுத்த கறியை ஒரு விரல் கனத்தில் அடை மாதிரி தட்டிப் போடுங்க. மூணு, நாலு நிமிடம் கைவைக்க வேண்டாம். ஓரம் பழுப்பா தெரிஞ்சதும் நாலு துண்டா வெட்டித் திருப்பிப் போட்டு இன்னும் 2 நிமிடம். அப்புறம் மரக்கரண்டியின் நுனியால உடைச்சு விடுங்க. இரண்டு பக்கமும் சிவந்திருந்தாப் போதும், நடுவில் கொஞ்சம் இளஞ்சிவப்பா இருக்கலாம். இன்னும் 12 நிமிடம் சாற்றில் கொதிக்கப் போகுது.

சத்தத்தைக் கவனிங்க. தண்ணி இருக்கிறவரை சளசளன்னு கொதிக்கிற ஒலி. தண்ணி வத்தி கொழுப்பு மட்டும் நிக்கும்போது அது சடசடன்னு கூர்மையான பொரியல் ஒலியா மாறும். அந்த மாற்றம் வர்றதுக்கு முன்னால வெங்காயம் போடாதீங்க, வெங்காயத் தண்ணியும் சேர்ந்து மறுபடி அவியல்தான்.

உப்பு முக்கால் டீஸ்பூன், அதையும் கறியை உடைச்ச பிறகு தூவுங்க. பச்சைக் கறியில் உப்புப் போட்டுப் பிசைஞ்சா புரதம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உருண்டைகள் ரப்பர் மாதிரி இறுகிடும்.

அடுத்து கொழுப்பு. 500 கிராம் கறியில் 20 சதவீதம்னா 100 கிராம் கொழுப்பு. செடார் 170 கிராமில் இன்னொரு 55 கிராம் சொச்சம். இவ்வளவையும் பிடிச்சு வைக்கிற அளவு சாறு அந்த வாணலியில் இல்லை. அதனால கறியை ஒரு ஓரமா ஒதுக்கி, வாணலியைச் சாய்ச்சு, ஒரு டேபிள்ஸ்பூன் மட்டும் விட்டுட்டு மீதிக் கொழுப்பைக் கரண்டியால மொண்டு ஒரு கிண்ணத்தில் எடுத்துடுங்க. சிங்க்கில் ஊத்தாதீங்க, குழாயில் உறைஞ்சு அடைக்கும். ஆறின பிறகு குப்பையில் போடலாம்.

மீதி இருக்கிற கொழுப்பில் பொடியா நறுக்கின பெரிய வெங்காயம் ஒன்று, 3 நிமிடம். பூண்டு 3 பல், அரை நிமிடம். தக்காளி பேஸ்ட் 2 டேபிள்ஸ்பூன் போட்டு அதன் சிவப்பு ஒரு படி அடர்ந்து அடியில் லேசா ஒட்டுறவரை, ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட வதக்குங்க. பச்சை வாடை போறதும் அடிச்சுவை வர்றதும் இந்த ஒரு நிமிடத்தில்தான், தாண்டிப் போகாதீங்க. பாப்ரிகா ஒரு டீஸ்பூன், காய்ஞ்ச ஆரிகனோ ஒரு டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், வூஸ்டர் சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன். பிறகு கால் கப் ஸ்டாக் (எலும்போ காய்கறியோ கொதிக்கவைச்சு வடிச்ச சாறு) ஊத்தி அடியில் ஒட்டினதை எல்லாம் சுரண்டி விடுங்க. சுரண்டாம விட்டா பாஸ்தா போட்டதும் அதே இடத்தில்தான் முதல்ல அடிபிடிக்கும்.

இப்போ தண்ணிக் கணக்கு. 250 கிராம் காய்ஞ்ச பாஸ்தா கடிபதத்துக்கு வேக ஏறக்குறைய 300 மி.லி. குடிக்கும். மூடி போட்டு மெல்லக் கொதிக்கும்போது 12 நிமிடத்தில் 100 மி.லி. அல்லது அதுக்குக் கொஞ்சம் மேல ஆவியா போகும். தக்காளி டின் 400 கிராமும் பெரும்பாலும் தண்ணிதான், அதைக் கணக்கில் சேர்க்காமத்தான் உங்களுக்கு சூப் ஆகுது. நீங்க ஊத்துறது 1,150, செலவாகிறது 400 சொச்சம். மீதி முக்கால் லிட்டர் எங்கே போகும்? ஸ்டாக்கையோ தண்ணியையோ, சுரண்டுறதுக்கு ஊத்தினதையும் சேர்த்து, 500 மி.லி.யோட நிறுத்துங்க. பக்கத்தில் 150 மி.லி. வெந்நீர் தயாரா வைச்சுக்கோங்க. ஊத்தினதை எடுக்க முடியாது, குறைஞ்சா ஊத்திக்கலாம்.

எல்லாம் சேர்ந்து நல்லா கொதி வந்த பிறகுதான் பாஸ்தா. குளிர்ந்த சாற்றில் போட்டா கொதி வர்றவரை ஊறி மேல்மாவு கரைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். போட்டதும் கரண்டியால அமுக்கி எல்லாம் சாற்றுக்குள்ள மூழ்கியிருக்கான்னு பாருங்க. தலை நீட்டிக்கிட்டு இருக்கிறது வேகாது. தீயைக் குறைச்சு, மூடி, 2 நிமிடத்துக்கு ஒருமுறை அடியோட கிளறிவிடுங்க. பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்தோட 2 அல்லது 3 நிமிடம் கூட்டிக்கணும். கொட்டிக் கொதிக்கிற தண்ணியில் வேகுற மாதிரி கெட்டிச் சாற்றில் வேகாது.

பாக்கெட் நேரம் முடிஞ்சதும் ஒரு மக்ரோனியைக் குறுக்கே வெட்டிப் பாருங்க. நடுவில் வெள்ளையா ஒரு மெல்லிய வளையம் தெரிஞ்சா இன்னும் ஒண்ணரை, 2 நிமிடம். வளையம் மறைஞ்சு நிறம் மட்டும் லேசா வெளிறியிருந்தா அதுதான் பதம், மூடியை எடுத்துடுங்க. இப்போ கரண்டியால வாணலியின் நடுவில் ஒரு கோடு இழுங்க. கோடு உடனே மூடிக்கிட்டா சாறு கூடுதல், திறந்தே ஒரு நிமிடம் கொதிக்கட்டும். ரெண்டு நொடி அடி தெரிஞ்சு மெதுவா மூடினா சரியா இருக்கு. மூடவே இல்லேன்னா வெந்நீர் 3, 4 டேபிள்ஸ்பூன். இறக்கின பிறகும் பாஸ்தா குடிச்சுக்கிட்டே இருக்கும். அடுப்பில் பார்க்கும்போது 'கொஞ்சம் தளர்வா இருக்கே'ன்னு தோணுற பதத்தில்தான் நிறுத்தணும்.

சீஸ் பற்றி அடுத்தவங்க சொல்லட்டும். ஒண்ணே ஒண்ணு: அடுப்பை அணைச்ச பிறகுதான் சீஸ்.

---

பதம்பார் பதில்:

சீஸ் விஷயத்தில் இரண்டு சிக்கல்கள் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன. பிரித்துப் பார்த்தால் எளிது.

முதலாவது பாக்கெட் துருவல். துருவல் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க அதன் மேல் செல்லுலோஸ் தூளோ உருளைக்கிழங்கு மாவோ தூவியிருப்பார்கள். அது உருகாது. சாற்றில் தங்கி நாக்கில் தட்டும். கட்டியாக வாங்கி, குளிர்ந்த நிலையிலேயே துருவுங்கள். 170 கிராம் துருவ 2 நிமிடம் ஆகாது. ஒரே வாணலிச் சமையலில் கூடுதலாக ஏதாவது உழைப்பு போடத் தகுந்தது என்றால் இந்தத் துருவலைத்தான் சொல்வேன்.

இரண்டாவது சூடு. சீஸில் கொழுப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள கேசின் புரதவலை. மிதமான சூட்டில் அது தளர்ந்து உருகும். கொதிக்கும் சாற்றில் விழுந்தால் இறுகிச் சுருங்கி, உள்ளிருக்கும் கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளும். மேலே மிதக்கும் எண்ணெய் அந்தக் கொழுப்பு, பல்லில் படும் துகள்கள் அந்தப் புரதம். தக்காளியின் புளிப்பு இதை இன்னும் எளிதாக்கிவிடும். எனவே அடுப்பை அணைத்து, வாணலியைச் சூடான பர்னரிலிருந்து நகர்த்தி, கொதி முழுதாக அடங்க ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிடம் விடுங்கள். பிறகு ஒரு பிடி சீஸ், கிளறல், அது மறைந்ததும் அடுத்த பிடி. மொத்தத்தையும் ஒரே இடத்தில் கொட்டினால் ஒரே கட்டியாகித் திரண்டு கரண்டியோடு சுற்றும்.

எந்த சீஸ் என்பதும் முக்கியம். நீண்டகாலம் முதிர்ந்த செடாருக்குச் சுவை அதிகம், ஆனால் புரதவலை சிதைந்திருப்பதால் சீக்கிரம் எண்ணெய் விடும். இளம் செடார், மான்டரி ஜாக் இரண்டும் வழுவழுப்பாக உருகும். மொசரெல்லா நூல் நூலாக இழுக்குமே தவிரச் சாற்றோடு கலக்காது, ஆகவே அதை மேலே தூவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பார்மசானை உள்ளே கிளறினால் திரண்டு கட்டியாகும். அதுவும் மேலே தூவத்தான். என் பரிந்துரை: இளம் செடார் 100 கிராம், முதிர்ந்த செடார் 40 கிராம், பதப்படுத்திய சீஸ் ஸ்லைஸ் இரண்டு.

அந்த ஸ்லைஸைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். இந்தச் சமையலில் அது செய்யும் வேலையை வேறெதுவும் அவ்வளவு சுலபமாகச் செய்யாது. அதில் சோடியம் சிட்ரேட் அல்லது பாஸ்பேட் வகை உப்பு இருக்கும். அது கேசினோடு ஒட்டியிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, புரதம் தளர்ந்து கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கும். இரண்டு ஸ்லைஸ் போனாலே மற்ற 140 கிராமும் பிரியாமல் நிற்கும். ஸ்லைஸ் வேண்டாம் என்றால் துருவிய சீஸோடு ஒரு டீஸ்பூன் சோளமாவு பிரட்டி வையுங்கள். அல்லது 60 கிராம் கிரீம் சீஸை முதலில் கரைத்துவிட்டு செடாரைச் சேர்க்கலாம். அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் பரவலான ஹாம்பர்கர் ஹெல்ப்பர் (கொத்துக்கறியோடு சேர்த்துச் சமைக்க உலர்ந்த பாஸ்தாவும் சாஸ் தூளும் வைத்து விற்கும்) பெட்டியும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. அதிலுள்ள சாஸ் தூளில் சோளமாவு சேர்ந்திருப்பதால் சாறு தானே கெட்டிப்பட்டு வழுவழுப்பாக நிற்கும்.

ஏற்கெனவே திரிந்துவிட்டால்: அடுப்பிலிருந்து எடுத்து, 2 டேபிள்ஸ்பூன் வெந்நீரோ பாலோ ஊற்றி வேகமாகக் கிளறுங்கள். எண்ணெய் லேசாக மட்டும் விட்டிருந்தால் சேர்ந்துவிடும். துகள் துகளாகவே பிரிந்திருந்தால் மிகக் குறைந்த தீயில் ஒரு ஸ்லைஸைக் கிழித்துப் போட்டுக் கரையுங்கள். எண்ணெய் திரும்பச் சேரும். துகள்கள் முழுதாகக் கரையாது.

சீஸ் போடும் முன்பே உப்பு பாருங்கள். செடார் 170 கிராமில் ஏறத்தாழ 3 கிராம் உப்பு இருக்கும், ஸ்லைஸில் அதைவிடக் கூடுதல் விகிதம். எனவே சீஸுக்கு முன் சாறு ஒரு சிட்டிகை உப்புக் குறைவாகத் தெரியவேண்டும்.

---

மாலைச்சமையல் கேட்டது:

தக்காளி டின் கணக்கில் வராதது தெளிவா புரிஞ்சது. இன்னும் சில சந்தேகம். தண்ணிக்குப் பதிலா ஸ்டாக் கட்டி கரைச்சா உப்பு எவ்வளவு குறைக்கணும்? தக்காளி இல்லாம பால் ஊத்தி செய்யும்போது பால் திரியாம எப்படிப் பாத்துக்கிறது? எட்டுப் பேருக்குச் செய்ய எல்லாத்தையும் அப்படியே ரெண்டு மடங்கு ஆக்கலாமா? காளான் சேர்க்கணும்னா எப்போ?

---

கரண்டிக்காம்பு பதில்:

காளானுக்கு முதல்ல சொல்றேன். அதில் 90 சதவீதத்துக்கு மேல தண்ணி. சாற்றுக்குள்ள பச்சையா போட்டா அந்தத் தண்ணி முழுக்க உங்க 500 மி.லி. கணக்கைக் கெடுக்கும், காளானும் வழவழன்னு இருக்கும். கறிக்கு முன்னாலேயே, அதே வாணலியில், 200 கிராம் காளானை உப்பில்லாம 6, 7 நிமிடம் வதக்கித் தண்ணி வத்தி ஓரம் சிவந்ததும் தட்டில் எடுத்து வைச்சுடுங்க. சீஸ் போடுற நேரத்தில் திருப்பிச் சேர்த்தாப் போதும். குடமிளகாய் வெங்காயத்தோட போகலாம். உறைந்த பட்டாணி கடைசி 2 நிமிடம். கீரை வகை அடுப்பை அணைச்சதும், சீஸுக்கு முன்னால. அந்தச் சூட்டிலேயே சுருங்கிடும்.

கொழுப்பு விஷயத்தில் அகல்வாணலி சொன்னதோட ஒரு சின்ன மாறுபாடு. எப்படியும் வடிக்கப் போறோம்னு 10 சதவீதக் கொழுப்புக் கறி வாங்கிடாதீங்க. கொழுப்பு குறைஞ்ச கறி சிவக்கும்போதே வறண்டு போகும், 12 நிமிடம் கொதிச்சதும் மரத்தூள்தான். 15 சதவீதம் நடுவாந்திரமா இருக்கும். மொண்டு எடுக்கிறதும் கொஞ்சமா இருக்கும், கறியும் மெதுமெதுன்னு நிக்கும். 20 சதவீதம் வாங்கி வடிச்சாலும் தப்பில்லை, ஆனா கறியை வடிகட்டியில் கொட்டித் தண்ணியில் கழுவுறாங்களே, அதை மட்டும் செய்யவேண்டாம். கஷ்டப்பட்டுச் சிவக்க வைச்ச சுவை அந்தத் தண்ணியோட போயிடும்.

கறி மெதுவா இருக்க இன்னொரு வழி சமையல் சோடா. 500 கிராம் கறிக்குக் கால் டீஸ்பூன், ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணியில் கரைச்சு, கறி மேல தெளிச்சு மெதுவா பிரட்டி 15 நிமிடம் விடுங்க. காரத்தன்மை (புளிப்புக்கு எதிரான தன்மை) ஏறினா புரதம் அவ்வளவு இறுக்கமா சுருங்காது, தண்ணியை உள்ளேயே பிடிச்சுக்கும். வாணலியில் தண்ணி விடுறதும் குறையும், சீக்கிரம் சிவக்கவும் செய்யும். கால் டீஸ்பூனைத் தாண்டினா சோப்பு மாதிரி ஒரு கசப்பு வரும். வெங்காயம் நறுக்குற நேரத்தில் இது தானா நடந்துடும், தனி நேரம் தேவையில்லை.

ஃப்ரீசர் கறின்னா முழுக்க இளகினதுதான் வேணும். நடுவில் ஐஸ் இருந்தா வெளிப்பக்கம் வெந்து முடிஞ்ச பிறகும் உள்ளே தண்ணி விட்டுக்கிட்டே இருக்கும். முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாத்திடுங்க, ஒரு தட்டின் மேல.

வெந்திருக்கான்னு நிறத்தை வைச்சு மட்டும் முடிவு பண்ண வேண்டாம். கொத்துக்கறி அரைபடும்போது மேற்பரப்பில் இருக்கிற கிருமி முழுக்க உள்ளே கலந்திடும், அதனால நடுவும் 71 டிகிரி செல்சியஸ் தொடணும். சில கறி அதுக்கு முன்னாலேயே பழுப்பா மாறிடும். இந்த முறையில் கறி முழுசா பாஸ்தாவோட கொதிக்கிறதால அந்தக் கவலை இல்லை. ஆனா வதக்கும்போது ருசி பார்க்கக் கறியை எடுக்காதீங்க. சாறு கொதிச்ச பிறகு பாருங்க.

---

அகல்வாணலி பதில்:

ஸ்டாக் கட்டி: அரை லிட்டருக்குன்னு வர்ற ஒரு கட்டியில் 4, 5 கிராம் உப்பு இருக்கும், அதாவது கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். கட்டி போட்டா கறியில் தூவுற உப்பைக் கால் டீஸ்பூனாக் குறைங்க, சாற்றில் எதுவும் வேண்டாம். உப்பில்லாத ஸ்டாக்னா கறியில் முக்கால், சாற்றில் அரை. பாஸ்தாவை உப்புத் தண்ணியில் தனியா வேகவைக்கலையே, அதுக்குள்ள உப்பு ஏற இந்தச் சாறு மட்டும்தான் வழி. கடைசியில் மேலே தூவுற உப்பு சாற்றுக்கு மட்டும்தான் பிடிக்கும், பாஸ்தா சப்புன்னே இருக்கும்.

பால்: தக்காளி இல்லாத வகைக்கு ஸ்டாக் 550 மி.லி., பால் 200 மி.லி. பாஸ்தா முழுக்க ஸ்டாக்கிலேயே வேகட்டும். முழுக்கொழுப்புப் பாலை அறைச்சூட்டுக்குக் கொண்டுவந்து, பாஸ்தா வேக 3 நிமிடம் இருக்கும்போது ஊத்தி, தீயைச் சிம்முக்குக் கொண்டுவாங்க. கொதிக்க விடாதீங்க, ஓரத்தில் சின்னக் குமிழி வந்தாப் போதும். முதல்லேயே பால் ஊத்தினா அடியில் புரதம் படிஞ்சு கருகும், பாலும் பொங்கும். தக்காளியோட பால் சேர்க்கணும்னா பாலை விட்டுட்டு 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் 80 மி.லி. போடுங்க. அதில் புரதம் குறைவு, கொழுப்பு அதிகம். அதனால புளிப்பிலும் சூட்டிலும் திரியாம தாங்கும். குறைந்த கொழுப்புக் கிரீமுக்கும் தயிருக்கும் அந்தத் தாக்குப்பிடிப்பு கிடையாது.

ரெண்டு மடங்கு: உங்க 28 செ.மீ. வாணலியில் முடியாது. இப்போதைய அளவுக்கே அது விளிம்புவரை வரும், அஞ்சாறு செ.மீ. ஆழமாவது இல்லேன்னா கிளறும்போது வழியும். 30 செ.மீ. இருந்தா இன்னும் வசதி. எட்டுப் பேருக்கு அகலமான, அடிகனமான 6 லிட்டர் பாத்திரம் வேணும். கறியை ரெண்டு தவணையா சிவக்க வைங்க, இதில் அவசரப்பட்டா பழைய சாம்பல் நிறம்தான். சாறு ரெண்டு மடங்கு வேண்டாம். பாஸ்தா குடிக்கிறது ரெண்டு மடங்கு ஆகும், ஆவியா போறது பாத்திரத்தின் வாய் அகலத்தைப் பொறுத்ததுதான், அது ரெண்டு மடங்கு ஆகாது. 500 கிராம் பாஸ்தா, ரெண்டு டின் தக்காளி, ஸ்டாக் 850-லிருந்து 900 மி.லி.யில் ஆரம்பிச்சு, வெந்நீர் கால் லிட்டர் கைவசம். கிளறுறது ஒண்ணரை நிமிடத்துக்கு ஒருமுறை. ஆழம் கூடினா அடியில் இருக்கிறதுக்கும் மேல இருக்கிறதுக்கும் வேகுற வேகம் மாறும்.

வடிவம் பற்றி யாரும் சொல்லலை. சின்ன மக்ரோனி ஏழெட்டு நிமிட ரகம், குழையவும் முதல்ல அதுதான் குழையும். கறித் துணுக்கு உள்ளே போய் உட்காருற சிப்பி வடிவம், முறுக்கு வடிவ ரோட்டினி ரெண்டும் 9, 10 நிமிடம் தாங்கும். இந்தச் சமையலுக்கு என் கணக்கில் சிப்பிதான் முதல்ல. ஸ்பகெட்டி வேண்டாம், வாணலியில் படுக்காது, உடைச்சுப் போட்டாலும் ஒட்டிக்கும். வடிவம் மாத்தும்போது கப் கணக்கில் அளக்காதீங்க. ஒரு கப் சிப்பியும் ஒரு கப் மக்ரோனியும் ஒரே எடை இல்லை, தண்ணிக் கணக்கு முழுக்க எடையை வைச்சுத்தான் சொல்லியிருக்கேன். தராசில் 250 கிராம் நிறுத்துக்கோங்க.

இரும்பு வாணலிக்காரங்களுக்கு: நல்லா பழகின வாணலின்னா இந்த 15 நிமிடத் தக்காளிக் கொதியால ஒண்ணும் ஆகாது. ஆனா மிச்சத்தை அதிலேயே வைக்காதீங்க, புளிப்பு பூச்சைத் தின்னும், சாற்றில் உலோக வாடை ஏறும். இரும்பு சூட்டைப் பிடிச்சு வைச்சுக்கும் வேற, அதனால சீஸுக்கு முன்னால ஒன்றரை நிமிடம் இல்ல, 3 நிமிடமாவது காத்திருக்கணும்.

---

மாலைச்சமையல் கேட்டது:

சாப்பிட்டது போக மிச்சம் இருந்தா மறுநாள் சூடாக்கும்போது கட்டியா இறுகி எண்ணெய் விடுதே, அதுக்கு? கோதுமை ஒத்துக்காத ஒருத்தருக்கும் சேர்த்துச் செய்யணும், குளூட்டன் இல்லாத பாஸ்தா இதே முறையில் ஒத்துவருமா?

---

பதம்பார் பதில்:

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாவில் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள், 3 நாள் தாங்கும். இரவு முழுக்கப் பாஸ்தா சாற்றைக் குடித்திருக்கும், எனவே தண்ணீர் சேர்க்காமல் சூடாக்கினால் சீஸ் மட்டும் தனியாக வெந்து எண்ணெய் விடும். ஒரு கப் பாஸ்தாவுக்கு 2 டேபிள்ஸ்பூன் பால் ஊற்றி, மூடி, சிம்மில் கிளறிக் கிளறிச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் என்றால் பாதி சக்தியில் ஒரு நிமிடம், கிளறல், மறுபடி ஒரு நிமிடம். உள்ளே 74 டிகிரி வரை ஏறவேண்டும், ஆனால் கொதிக்க விடவேண்டாம்.

ஃப்ரீசருக்கு முழுச் சமையலையும் அனுப்பாதீர்கள், இளகும்போது பாஸ்தா கூழாகும். கறியும் தக்காளியும் சேர்ந்த மசாலாவை மட்டும் தக்காளி ஊற்றிய கட்டத்தில் எடுத்து உறையவைத்தால் இரண்டு மூன்று மாதம் நன்றாக இருக்கும். வேண்டிய நாளில் இளக்கி, ஸ்டாக் ஊற்றிக் கொதிக்கவிட்டு, பாஸ்தா போடுங்கள். சமையல் 20 நிமிடத்தில் முடிந்துவிடும்.

குளூட்டன் இல்லாத பாஸ்தாவை இந்த முறையில் வேகவைக்கச் சொல்லமாட்டேன். அரிசி, சோள மாவில் செய்ததை ஒன்றாகப் பிடித்து வைக்கக் கோதுமைப் புரதம் கிடையாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கிளறும்போது உடைந்து, மாவு முழுக்கச் சாற்றில் கரைந்து பசையாகிவிடும். அவருக்கு மட்டும் பாஸ்தாவைத் தனிப் பாத்திரத்தில், பாக்கெட் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடியுங்கள். கோதுமைப் பாஸ்தாவை வாணலியில் போடுவதற்கு முன்பே அவர் பங்குக் கறிச் சாற்றைச் சின்ன வாணலிக்கு மாற்றி, கொஞ்சம் சுண்டவிட்டு, வடித்ததைப் பிரட்டி, அணைத்து, சீஸ் சேருங்கள். கரண்டியும் தனி. வூஸ்டர் சாஸ் சிலவற்றில் பார்லி மால்ட் வினிகர் இருக்கும், ஸ்டாக் கட்டி சிலவற்றில் கோதுமை இருக்கும், இரண்டின் லேபிளையும் கறி வதக்கத் தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

---

கரண்டிக்காம்பு பதில்:

மேலே மொசரெல்லா தூவி ஓவனில் சிவக்க வைக்கணும்னு யாராவது நினைச்சா: நான்-ஸ்டிக் பூச்சும் பிளாஸ்டிக் கைப்பிடியும் மேல்க்ரில் சூட்டைத் தாங்காது, வேற பாத்திரத்துக்கு மாத்திடுங்க. உள்ளே இருக்கிற சாறு வழக்கத்தைவிட 4 டேபிள்ஸ்பூன் தளர்வா இருக்கட்டும். க்ரில் கம்பியிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, 2, 3 நிமிடம், கண்ணெடுக்காம. வெளியே எடுத்து 5 நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறுங்க, அதுக்குள்ள சாறு தானா இறுகிடும்.